நீரளவு காட்டும் வளைகோடு: சார்பு, சமன்பாடு, வரைபடம்

இயற்கணிதத்தில் சார்பு, சமன்பாடு, வரைபடம் ஆகியவை தனித்தனிப் பாடங்களாகக் கற்பிக்கப்படுவதால், அவை ஒரே தொடர்பின் மூன்று தோற்றங்கள் என்பது மாணாக்கருக்கு எளிதில் புலப்படுவதில்லை. வாய்க்கால் நீரை அளக்கும் முறை இதனைத் தெளிவாக்கும்.

வாய்க்காலின் குறுக்கே, 90 பாகைக் கோணமுள்ள முக்கோண வெட்டுடைய தகடு ஒன்று நிறுத்தப்படும். இதனை வி-நாட்ச் என்பர். நீர் வரும் பக்கத்தில், தகட்டிற்குச் சற்றுத் தள்ளி, வெட்டின் அடிமுனைக்கு மேலுள்ள நீரின் உயரம் அளக்கப்படும். உயரம் 'உ' செ.மீ. எனவும், வினாடிக்குப் பாயும் நீர் 'ஓ' லிட்டர் எனவும் கொண்டால், ஏறத்தாழ,

ஓ = 0.0138 × உ² × √உ

உயரம் மிகுந்தால் திறப்பின் பரப்பு உ² என்ற அளவிலும், நீரின் வேகம் √உ என்ற அளவிலும் மிகுவதே இதன் காரணமாகும்.

ஒவ்வோர் உயரத்திற்கும் ஒரே ஒரு நீரளவு உண்டு. எனவே நீரளவு உயரத்தின் சார்பு ஆகும். 10, 15, 20 செ.மீ. உயரங்களுக்கு நீரளவு முறையே 4.4, 12.0, 24.7 லிட்டர் ஆகும்.

உயரத்தைக் கிடையச்சிலும் நீரளவை நிலையச்சிலும் குறித்துப் புள்ளிகளை இணைத்தால், மேல்நோக்கி வளையும் கோடு கிடைக்கும். அதுவே சார்பின் வரைபடம்.

வினாடிக்கு 8 லிட்டர் பாய உயரம் எவ்வளவு இருத்தல் வேண்டும்? இவ்வினாவே சமன்பாடு. நிலையச்சில் 8 என்ற இடத்திலிருந்து கிடைக்கோடு வரைக. அது வளைகோட்டை வெட்டுமிடத்தில் உயரம் ஏறத்தாழ 12¾ செ.மீ. ஆகும், இதுவே சமன்பாட்டின் தீர்வு.

களத்தில் நேரும் பிழை ஒன்றுண்டு. 10, 20 செ.மீ. அளவுகளை மட்டும் அறிந்து, அவற்றை நேர்கோட்டால் இணைப்பவர், 15 செ.மீ. உயரத்திற்கு 14.5 லிட்டர் எனக் குறிப்பார். உண்மையில் பாய்வது 12 லிட்டரே. மணிக்கு 9,000 லிட்டர் மிகையாகக் கணக்கில் ஏறும். ஆனால் அந்நீர் உழவரின் வயலை அடைந்திராது.

ஆதலின், இரு புள்ளிகளைக் கொண்டு கோடு வரையுமுன், தொடர்பு நேர்கோட்டுத் தொடர்புதானா என்று ஆராயும் பழக்கத்தை ஆசிரியர்கள் மாணாக்கரிடம் வளர்த்தல் வேண்டும். இடையில் மூன்றாவது புள்ளியொன்றைக் கணக்கிட்டுப் பார்ப்பதே அதற்கு எளிய வழியாகும்.