அறுத்துவிட்டால் விடுதலையா?

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து அதிலிருந்த ஒரு கேள்வி என்னை விடவில்லை. “விடுதலை ஜெபம் பண்ணின பிறகும் அவன் ஞாபகம் போகவில்லையே ஐயா, எனக்குள் இன்னும் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டிருக்கிறாய். உனக்குள் ஒன்றும் இல்லை, தம்பி. நீ ஒருவனை உயிருக்குயிராக நேசித்தாய். வேலை கிடைத்ததும் அவன் தன் வழியே போனான். வலிக்கிறது. அதை ‘ஆத்துமக் கட்டு’ என்று சொல்லி, தலையில் எண்ணெய் தடவி, அவன் கொடுத்த கைக்கடிகாரத்தைக்கூடத் தூக்கி எறிய வைத்தவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அவர்கள் உனக்குக் காட்டிய வசனம் 1 சாமுவேல் 18. யோனத்தானின் ஆத்துமா தாவீதோடு இசைந்துபோன இடம். வேதத்தில் அந்த நட்பைக் குறைசொல்லும் வசனம் ஒன்றாவது உண்டா? யோனத்தான் தன் சால்வையை, பட்டயத்தை, வில்லை, கச்சையைக் கழற்றித் தாவீதுக்குக் கொடுக்கிறான். தனக்கு வரவேண்டிய சிங்காசனத்துக்கே அவன் வரப்போகிறான் என்று தெரிந்தும் பிறகு காட்டில் போய் அவனைத் திடப்படுத்துகிறான். அதே வீட்டில் கட்டுண்டு கிடந்தவன் வேறொருவன். சவுலும் தாவீதை மிகவும் சிநேகித்தான் என்று 16-ஆம் அதிகாரம் சொல்கிறது. தன் மனக்கலக்கம் தீரத் தாவீது சுரமண்டலம் வாசிக்க வேண்டும். ஊர்ப் பெண்கள் தாவீதைப் பாடினாலோ ஈட்டி பறக்கும். இருவருக்கும் பாசம் இருந்தது. ஒருவன் அவனை வளரவிட்டான், மற்றவனால் முடியவில்லை. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு, நெருக்கம் என்றாலே கட்டு என்று வாலிபர் கூட்டத்தில் பிரசங்கிப்பது பொறுப்பில்லாத காரியம்.

நீ அகுஸ்தீனின் ‘அறிக்கைகள்’ படித்திருப்பாய். நான்காம் புத்தகத்தை மறுபடியும் எடு. வட ஆப்பிரிக்காவில் தகஸ்தே என்ற சிற்றூர். கூடவே வளர்ந்து, கூடவே படித்த நண்பன். அகுஸ்தீன் அவனைத் தன் மனிக்கேய மதத்துக்குள் இழுத்து வைத்திருக்கிறார். காய்ச்சலில் நினைவில்லாமல் கிடக்கும்போது அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறார்கள். அவன் கண் விழித்ததும் அகுஸ்தீன் அதைக் கேலி செய்கிறார், அவனும் சேர்ந்து சிரிப்பான் என்ற நம்பிக்கையில். நண்பனோ எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்து, என் நண்பனாக இருக்க வேண்டுமானால் இப்படிப் பேசாதே என்று கண்டித்துவிடுகிறான். அகுஸ்தீன் திகைக்கிறார். சரி, உடம்பு தேறட்டும், பிறகு வழிக்குக் கொண்டுவரலாம் என்று இருக்கிறார். சில நாளில் காய்ச்சல் திரும்பி, அவர் பக்கத்தில் இல்லாத வேளையில் அவன் இறந்துபோகிறான். அதன்பின் ஊரே அவருக்கு வதை. பார்த்த இடமெல்லாம் மரணம். கார்த்தேஜுக்கு ஓடிவிடுகிறார்.

எல்லோரும் அவருடைய துக்கத்தில்தான் நோயைத் தேடுகிறார்கள். நோய் அந்தப் படுக்கையருகிலேயே தெரிந்துவிட்டது என்பது என் எண்ணம். தான் நினைத்ததை நினைத்து, தான் சிரித்தால் சிரிக்கிற இன்னொரு அகுஸ்தீனைத்தான் அவர் அதுவரை நேசித்திருக்கிறார். நண்பன் முதன்முறையாகத் தேவனுக்குச் சொந்தமாகி, தன் வாயால் ஒன்றைச் சொன்னபோது அவருக்குப் பொறுக்கவில்லை. முருங்கைக் கிளையில் ஊஞ்சல் கட்டிவிட்டு, ஒடிந்ததும் கிளையைக் குறைசொல்லி என்ன பயன்? சாகப்போகிற மனுஷனிடம் சாகாதவர் ஒருவரால் மட்டுமே தரக்கூடியதைக் கேட்டேன் என்று பின்னாளில் அவருக்கே புரிகிறது.

இங்கே சி. எஸ். லூயிஸைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் உன் கூட்டாளிகள் அவரை மேற்கோள் காட்டாமல் பேசுவதில்லை. 1960-இல் வந்த ‘நான்கு அன்புகள்’ நூலில் அவர் இந்த இடத்தை எடுத்துக்கொண்டு, இழக்கக்கூடிய எதன்மேலும் மனதை வைக்காதே என்பது கிறிஸ்தவமே அல்ல, பழைய தத்துவவாதிகளின் எச்சம் என்று அகுஸ்தீனை மறுக்கிறார். மறுப்பில் பாதி நியாயம் உண்டு. ஆனால் இறந்த நண்பன் நெப்ரிதியு என்று எழுதிவிட்டார்! அகுஸ்தீன் அந்த நண்பனின் பெயரைச் சொல்லவே இல்லை. நெப்ரிதியு வேறு நண்பர். பெரியவர்கள் எழுதினாலும் மூலத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அந்த 1960-இலேயே லூயிஸின் மனைவி ஜாய் இறந்தார். அந்தத் துக்கத்தை அவர் புனைபெயரில் 1961-இல் புத்தகமாக்கினார். அதையும் படி, விசுவாசி எப்படி அழுவான் என்று தெரியும்.

அறுத்துவிட்டால் தீரும் என்கிறவர்களுக்கு அகுஸ்தீன் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. பல வருடம் கூடவே வாழ்ந்து, அவருக்கு ஒரு மகனையும் பெற்றுத் தந்த பெண்ணை மிலானிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரிய இடத்தில் கல்யாணம் பேசியிருந்தார்கள், அதற்கு இவள் தடை. சுத்தமாக அறுத்தாயிற்று. நடந்தது என்ன? மணப்பெண்ணுக்கு வயது வருமட்டும் பொறுக்க முடியாமல் அவர் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டார். பழைய காயமும் ஆறவில்லை. பெயர்கூடச் சொல்லப்படாத அந்தப் பெண்ணுக்கு நடந்த அநியாயத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுத வேண்டும்.

ஆனால் நான் உனக்குக் காட்ட விரும்புவது அவருடைய தாய் மோனிக்காவை. நம் சபைகளில் அன்னையர் ஞாயிறு வந்தால் கண்ணீரோடு ஜெபித்த தாய் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். 383-இல் மகன் ரோமுக்குப் புறப்பட்டபோது கார்த்தேஜ் துறைமுகம் வரை வந்து, ஒன்று திரும்பி வா, இல்லை என்னையும் கூட்டிப்போ என்று பிடித்துக்கொண்டவள் அவள். ஒரு நண்பனை வழியனுப்பத்தான் போகிறேன் என்று பொய் சொல்லி, அவளை இரத்தசாட்சி சிப்ரியானின் நினைவாலயத்தில் தங்கவைத்துவிட்டு இரவோடிரவாகக் கப்பலேறினார் மகன். விடிந்ததும் கரையில் நின்று கதறினாள். அந்தப் பாசத்தில் மாம்சமும் கலந்திருந்தது, தேவன் அதைத் துக்கத்தால் சீர்ப்படுத்தினார் என்று மகனே எழுதுகிறார். அவள் ஜெபத்தில் குறை இருந்ததா? இல்லை. ஜெபிக்கிறவளின் பாசத்துக்கும் புடமிடுதல் தேவைப்பட்டது. 387-இல் ஓஸ்தியாவில் சாகக் கிடக்கிறாள். கணவன் பக்கத்தில் புதைக்கப்பட வேண்டும் என்று கல்லறை இடத்தைக்கூட ஆயத்தம் பண்ணி வைத்திருந்தவள், இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், பீடத்தண்டையில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். இடையில் நான்கு வருடம். ஒரு ராத்திரி உபவாச ஜெபத்தில் முடிந்த காரியம் இல்லை அது. மகன்மேல் அவளுக்கு அன்பு குறைந்துவிடவும் இல்லை.

மகனோ, கிறிஸ்தவன் அழக்கூடாது என்று கண்ணீரை அடக்கிக்கொண்டு அடக்கத்தை முடித்தார். குளித்தால் துக்கம் போகும் என்று யாரோ சொன்னார்களாம், போய்க் குளித்தார். போகவில்லை. தூங்கி எழுந்து, மிலான் ஆயர் அம்புரோஸின் கீர்த்தனையை நினைத்துக்கொண்டு தனியாகப் படுத்திருந்தபோதுதான் அழுகை வந்தது. நீயும் அழு. எப்பாப்பிரோதீத்து செத்திருந்தால் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்று பவுலே பிலிப்பியருக்கு எழுதவில்லையா?

ஒன்றை மட்டும் தள்ளிவைத்துப் பேசுகிறேன். அடிக்கிற, மிரட்டுகிற, பணத்துக்கோ உடம்புக்கோ பயன்படுத்துகிற உறவு என்றால் அங்கே அறுப்பதுதான் சரி. நம்பரைத் தடுத்துவிட்டு விலகிப் போக வேண்டும், மன்னிப்பதைத் தூரத்திலிருந்தும் செய்யலாம். உன் விஷயம் அது இல்லை. இன்னொன்று, தூக்கமும் சாப்பாடும் இப்படியே கெட்டுக்கொண்டிருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரைப் பார்.

நீ உன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: அவன் உன்னிடம் கேட்காமல் ஒரு முடிவெடுத்தபோது உனக்கு வந்தது வருத்தமா, கோபமா? புதிய நண்பர்களோடு அவன் சிரித்த போட்டோவைப் பார்த்து என்ன நினைத்தாய்? பதிலை எனக்கு எழுத வேண்டாம், ஜெபத்தில் சொல். அவன் பேரைச் சொல்லி, அவனுடைய வேலைக்காகவும் புது வாழ்வுக்காகவும் ஜெபி. உன்னிடம் திரும்பி வரவேண்டும் என்று சேர்த்துக்கொள்ளாதே. முதலில் வாய் வராது. வராவிட்டால் சங்கீதம் ஒன்றை வாசித்துவிட்டு எழுந்துவிடு, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

அவன் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது, போகலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறாய். போ. மணமேடையில் அவன் உன்னோடு அதிகம் பேசமாட்டான், கல்யாண வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது? அதைக் கணக்கில் வைக்காதே. அவன் மனைவிக்கும் ஒரு வார்த்தை வாழ்த்துச் சொல். திரும்பி வரும் வழியில் நேரம் இருந்தால் இங்கே இறங்கு. ஒன்பதாம் புத்தகத்தைச் சேர்ந்து வாசிக்கலாம்.

அன்புடன்,
உன் ஐயா