வரன் பார்க்கும் வீட்டில் விசுவாசம்

1745 அக்டோபரில் புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் ஒரு சுவர் இடிக்கப்பட்டது. பறையர் சமூகக் கிறிஸ்தவர்களைத் தனியே பிரித்து வைத்திருந்த சுவர் அது. நாங்களும் ஆண்டவரின் பிள்ளைகள்தானே என்று அவர்கள் பாதிரியாரிடம் முறையிட்டதன் பேரில் அது இடிபட்டது. மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். அப்போது அங்கே வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை இதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கோயில் இருந்த இடத்தில்தான் இன்று ஜென்மராக்கினி மாதா பேராலயம் நிற்கிறது. புதுச்சேரியின் தேங்காய்த்திட்டிலிருந்து அங்கே பூசைக்குப் போகிற நாம் இப்போது யார் பக்கத்தில் வேண்டுமானாலும் உட்காரலாம். அதே நாம் மகளுக்கு வரன் பார்க்கும்போது முதலில் கேட்பது, "அவங்க என்ன ஆளுங்க?" குடும்ப செபமாலை அவசியம், ஞானோபதேச வகுப்பும் அவசியம். ஆனாலும் பெற்றோரின் விசுவாசம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பிள்ளைகள் அளந்துகொள்வது இந்தக் கேள்வியை வைத்துத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

திருமணத்துக்கு முன் கோயிலில் ஓலை வாசிக்கிறார்கள். தடை ஏதும் தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லச் சொல்கிறார்கள். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அந்தத் தடைகளை வரிசைப்படுத்துகிறது: வயது குறைவு, முந்தைய திருமணம், நெருங்கிய இரத்த உறவு என்று போகிறது பட்டியல். அதில் சாதி இல்லை. அத்தை மகன், மாமன் மகள் உறவு இருக்கிறது. அதற்கு ஆயரின் விலக்கு வேண்டும். அதை விண்ணப்பித்து வாங்கி, சொந்தத்துக்குள்ளேயே முடிக்கிறோம். திருச்சபை தடுப்பதற்கு அனுமதி கேட்கத் தயங்காத நாம், அது தடுக்காததை நாமே தடுக்கிறோம். மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது, அதை வேறெந்த மனித அதிகாரமும் ஈடு செய்ய முடியாது என்கிறது அதே தொகுப்பின் 1057ஆம் பிரிவு. பெற்றோரின் அதிகாரமும் அதில் அடக்கம்.

சாதி பார்ப்பது சமயமல்ல, ஊர் வழக்கம் என்பார்கள். பழைய வாதம்தான். திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் 1704இல் இதே புதுச்சேரியில் பிறப்பித்த ஆணை, நோயுற்ற பறையரின் வீட்டுக்குள் போகக் குருக்கள் மறுக்கக் கூடாது என்றது. ஊர் வழக்கம் என்ற சமாதானம் அப்போதே செல்லவில்லை. அரசே சாதி பார்க்கிறதே என்பது இன்னொரு கேள்வி. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின்படி கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அது கிடைத்தது. அந்த அநீதிக்கு எதிராகச் சான்றிதழ் கேட்டுப் போராடுவது வேறு, சம்பந்தம் பேசும்போது சாதி கேட்பது வேறு. அக்காள் வேறு சாதியில் கட்டினால் தங்கைக்கு வரன் வராது என்ற பயத்தை மட்டும் என்னால் லேசாகத் தள்ள முடியாது. அந்தப் பாரத்தை ஒரு குடும்பம் தனியாகச் சுமக்க முடியாது, பங்கே தோள் கொடுக்க வேண்டும். பங்கு பிளந்து நின்றால் என்ன ஆகும் என்பதை நம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எறையூரில் 2008 மார்ச்சில் கண்டோம்: தனிப்பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் மோதல், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின.

ஆகவே சிறியதிலிருந்து தொடங்கலாம். திருமணத் தகவல் மையத்தில் பதியும்போது சாதிக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். குடிப்பழக்கம், கடன், கோபம், செபம் பற்றி முதலில் விசாரியுங்கள். வீடு ஒத்துப்போவது இவற்றால்தான். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டம் எந்த வீட்டில் நடப்பதே இல்லை என்று கவனியுங்கள். அடுத்த மாதம் அங்கே வைக்கச் சொல்லி, கூட்டம் முடிந்ததும் அவர்கள் தரும் டீயைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து குடியுங்கள். ஞானஸ்நானத்துக்கு ஞானப்பெற்றோரை சாதிக்கு வெளியே தேர்ந்தெடுங்கள். பிள்ளை வளர்ந்து வரன் பேசும் நாளில் அவர்களையும் கூப்பிட்டுக் கருத்துக் கேளுங்கள்.