விசைப்படகின் இயந்திர முழக்கமும் அதனை அடக்கும் வழியும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கீழைக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடித்தலாகாது என்பது அரசினர் விதி. அந்நாள்களில் நாகூர், நாகப்பட்டினத் துறைகளில் வலை முடிவோரும், பலகை இழைப்போரும், எஞ்சினைப் பிரித்து மாட்டுவோருமாகக் கரை முழுதும் வேலை நிறைந்திருக்கும். அத்தகைய நாளொன்றில் பௌதிகம் பயிலும் மாணவர் சிலர் யாம் வெட்டாற்றின் முகத்துக்கு அருகே சென்றிருந்தோம். பழுது நீக்கிய எஞ்சின் ஒன்றைப் பெரியவர் ஒருவர் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாம் வினாவியதற்கு எம் உதடுகளை உற்று நோக்கியே விடை பகர்ந்தார். எஞ்சினை நிறுத்திய பின்னரும் அவ்வாறே உதடுகளை நோக்கினார்! அப்பொழுதுதான் செய்தி விளங்கிற்று. முப்பது ஆண்டுக்கு மேலாக விசைப்படகில் சுக்கான் பிடித்தவர் அவர். "பேசுறது கேக்குது தம்பி, என்ன பேசுறாங்கங்கிறதுதான் புரியமாட்டேங்குது. பேரப்புள்ள கூப்புட்டா சுத்தமாத் தெரியல" என்றார்.

நாகூர் குரலுக்குப் பேர்பெற்ற ஊர். ஈ. எம். ஹனீபா (1925–2015) அவர்களின் கணீரென்ற சாரீரத்தால் அவ்வூர்ப் பெயர் தமிழ் வழங்கும் இடமெல்லாம் ஒலித்தது. அவ்வூர்க் கடற்கரையிலேயே தம் பேரனின் குரலை இழந்து ஒருவர் நிற்பதைக் கண்டதே இக்கட்டுரைக்குக் காரணம்.

அவருக்கு நேர்ந்தது யாது? உட்செவியிலுள்ள நுண்மயிர்க் கலங்கள் ஒலியலையை நரம்புக்கு உணர்த்துவன. பேரொலியால் அவை அழியின் மீண்டும் முளைப்பதில்லை. முதற்கண் கெடுவது நொடிக்கு 4,000 அதிர்வுக்கு அண்மையான மிகுசுருதி உணர்வே. உயிரெழுத்துக்களின் ஓசை தாழ்சுருதியில் நிற்பதால் எஞ்சுகிறது. சகரம், தகரம் போன்ற மெய்களின் கூர்மை போய்விடுகிறது. ஆகவே பேச்சு கேட்கும், சொல் விளங்காது. குழந்தையின் குரலோ இயல்பிலேயே மெல்லிது.

ஒலியின் மிகுதியை டெசிபெல் என்னும் அளவையால் கூறுவர். இவ்வளவையில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பதின்மடங்காகும். 20 கூடினால் நூறு மடங்காகும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபெல்லுக்கு மேற்படாதிருத்தல் செவிக்கு நலம் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. மூன்று டெசிபெல் ஏறுந்தோறும் பொறுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி, 94க்கு ஒரே மணி. கருவி கையில் இல்லாதார்க்கும் ஓர் உபாயம் உண்டு. கையெட்டும் தூரத்தில் நிற்பவரோடு கூவித்தான் பேச வேண்டுமாயின் அவ்விடம் 85ஐக் கடந்தது என்று கொள்ளலாம். அப்படகில் யாம் கூவியும் பயனில்லை. மீனவரோ அவ்விடத்தில் எட்டு மணியோடு நில்லாது, நாள் கணக்கில் உண்டு உறங்கி வருகின்றனர். மேலும், ஒருவர் கடலில் தவறி விழுந்து கூவினாலும், எதிர்வரும் படகு ஊதினாலும், அம்முழக்கத்தில் அவை மூழ்கிப் போகும்.

கட்டுமரத்துக்கும் பாய்மரத்துக்கும் இவ்விடர் இல்லை. 1952-இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய மூன்றும் செய்த உடன்படிக்கையின்பின் கொல்லத்தை அடுத்த ஊர்களில் எஞ்சின் படகுகள் பரவத் தொடங்கின. பிற கரைகளும் காலப்போக்கில் அவ்வழியே சென்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் நாகை மாவட்டத்தில் கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் ஃபைபர் படகுகள் கொண்டன. வருவாய் பெருகிற்று, முழக்கமும் உடன் வந்தது.

இனி, முழக்கத்தை அடக்குவது எங்ஙனம்? யாம் கல்லூரிக்கு மீண்டு, பழைய ஒற்றைச் சிலிண்டர் ஆயில் எஞ்சின் ஒன்றைக் கொண்டு சோதனை தொடங்கினோம். எமது முதல் முயற்சி நகைப்புக்கிடமாயிற்று. தென்னைநார் மெத்தைகளை எஞ்சினைச் சுற்றி அரண்போல் நிறுத்தினோம். கூரிய ஒலி சற்றே மழுங்கிற்றேயன்றி, முழக்கம் முழுதும் வெளிவந்தது. உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு என்பதை யாம் மறந்ததே பிழை. பஞ்சும் நாரும் நுரைப் பொருளும் தம் துளைகளில் நுழையும் ஒலியை உராய்வினால் வெப்பமாக்குவன. அது செவ்வனே நிகழ, அவற்றின் கனம் அலைநீளத்தில் ஏறத்தாழக் கால்பங்கு வேண்டும். நொடிக்கு 1,000 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். எட்டரை சென்டிமீட்டர் நுரை போதும். ஆனால் ஆறு சிலிண்டர் கொண்ட நான்கடி எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 முறை சுழலுங்கால் நொடிக்கு 75 வெடிப்பு நிகழும். அவ்வொலியின் அலைநீளம் நான்கரை மீட்டர். அதற்கு ஒரு மீட்டருக்கு மேற்பட்ட மெத்தை வேண்டுமெனின், மீனை எங்கே வைப்பது?

தாழ்ந்த ஒலியைத் தடுப்பது கனமே. சுவரின் எடை இருமடங்கானால் கடக்கும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல், அதாவது ஆற்றலில் நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஒரு மில்லிமீட்டர் ஈயத்தகடு சதுர மீட்டருக்குப் பதினொரு கிலோவுக்கு மேல் நிறுக்கும்; அதுபோலவே கனமும் துவள்வும் உடைய ரப்பர் விரிப்புகளை இக்காலத்தார் கையாளுகின்றனர். விரிப்பைப் பலகையோடு இறுக ஒட்டாது, இடையே மென்பொருள் ஒன்றிட்டுத் தொங்கவிடுதல் சிறப்பு. மீட்டர் அளவான பெட்டியின் நாற்புறமும் மேலும் சேர்ந்து ஐந்து சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ விரிப்பெனின் 25 கிலோ. அது ஒரு கூடை மீனின் பாரமே.

இரண்டாம் முறை ஒட்டுப்பலகைப் பெட்டி செய்து விரிப்பும் இட்டோம். ஒலி குறைந்தது, எதிர்பார்த்த அளவு குறைந்திலது. மூடியைச் சுற்றி ஒரு நெல்மணி நுழையும் இடைவெளி இருந்தது. இதனை அற்பமென எண்ணற்க. ஒரு சதுர மீட்டர் மூடியின் சுற்றளவு நான்கு மீட்டர். இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியெனின் திறந்த பரப்பு 100 சதுர சென்டிமீட்டர், அஃதாவது மூடியில் நூற்றில் ஒரு பங்கு. மூடியில் படும் ஒலியில் நூற்றில் ஒரு பங்கு தடையின்றி வெளிப்போகுமெனின், மூடி ஈயத்தால் ஆயினும் இரும்பால் ஆயினும் 20 டெசிபெல்லுக்கு மேல் தடுக்க வல்லதன்று. விளிம்பில் ரப்பர்ப் பட்டை இட்டபின்னரே எம் பெட்டி பெட்டியாயிற்று.

ஆனால் அரைமணியில் எஞ்சின் திணறிக் கொதித்தது! ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் 1,500 சுழற்சியில் நிமிடத்துக்கு 750 லிட்டர் காற்றை உண்ணும். ஆறு லிட்டர் எஞ்சின் 4,500 லிட்டர் உண்ணும். ஆதலின் காற்றுக்கு வழி வேண்டும். வழி விட்டால் ஒலியும் வரும். இம்முரணைத் தீர்ப்பது வளைந்த குழாயே. உட்புறம் நுரை வேய்ந்து இருமுறை மடக்கிய வழியில் காற்று வளைந்து செல்லும். ஒலி சுவரில் மோதி மோதித் தேயும். எண்ணெய் ஊறிய பஞ்சும் நாரும் தீக்கு விருந்தாகும் என்பதையும் ஒரு பணியாளர் எமக்கு உரைத்தார். எண்ணெய் ஏறாத மெல்லிய உறை போர்த்ததும், எளிதில் தீப்பற்றாததுமான பொருளையே உள்ளே இடல் வேண்டும்.

இக்கலை மிகத் தேர்ந்து காணப்படுவது நீர்ச்சறுக்குப் படகுகளில். 1922-இல் அமெரிக்காவின் பீப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்பார் தொடங்கிய விளையாட்டு அது. அப்படகுகள் பலவற்றில் எஞ்சின் நடுவே ஒரு பெட்டிக்குள் இருக்க, அதன் பக்கத்திலேயே ஓட்டுநர் அமர்வர். பெட்டியின் உட்புறத்தில் நுரையும் கன விரிப்பும் அடுக்கடுக்காக இருக்கும். புகையும் நீரோடு கலந்து குளிர்ந்தே வெளியேறும். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமாதலின் படகின் அடியில் தங்கி வெடிக்க வல்லது. ஆகவே எஞ்சினை முடுக்குமுன் விசிறியால் அதனை அகற்றுவர். எம் கரையின் டீசலுக்கு அவ்வச்சம் குறைவு. விளையாடுவார் செவிக்கு உள்ள காப்பு உழைப்பார் செவிக்கு இல்லையே என்று எம்முள் ஒருவர் வருந்தினார். அது வேறு கட்டுரைக்குரியது.

பெட்டி மட்டும் போதாது. எஞ்சினின் அதிர்வு அதன் கால்வழியே படகில் இறங்கி, ஃபைபர் உடலைத் தவில்போல் அறையும். ரப்பர்த் தாங்கிகள் இதற்கு மருந்து. எஞ்சினின் பாரத்தால் தாங்கி ஒரு மில்லிமீட்டர் அமுங்கின் அதன் இயல்பு அதிர்வு நொடிக்கு 16. நான்கு மில்லிமீட்டர் அமுங்கின் எட்டு. வெடிப்பின் எண்ணிக்கை இதனினும் ஒன்றரை மடங்கேனும் மிகுந்தால்தான் தாங்கி பயன்தரும். இரண்டும் ஒத்துவிட்டால் நன்மைக்குப் பதில் ஆட்டமே மிகும். ஆறு சிலிண்டருக்கு இஃது எளிது. நொடிக்குப் பன்னிரண்டரை வெடிப்புடைய ஒற்றைச் சிலிண்டருக்கு அரிது. மெல்லிய படகுச் சுவரில் கனமான பசைத் தகடு ஒட்டுதலும் உண்டு. மிருதங்கத்தின் இடந்தலையில் ரவை அப்பினால் நாதம் தாழ்வதைக் கண்ட தஞ்சை நாட்டார்க்கு இதன் தத்துவம் புதிதன்று.

இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டு மீண்டும் பெரியவரிடம் சென்றோம். பொறுமையாகக் கேட்டவர், "சத்தத்தை அடைச்சுட்டா எஞ்சினுக்கு என்ன நோவுன்னு எனக்கு எப்புடித் தெரியும்? காதுலதானே வைத்தியம் பாக்குறோம்" என்றார். யாம் எதிர்பாராத வினா இது. நேரிய வினாவும் ஆகும். வெப்பமானியும் எண்ணெய் அழுத்தமானியும் சுக்கான் அருகே இருக்கலாம் என்றோம். அவர் முழுதும் உடன்பட்டாரல்லர். எனினும் மூடி விளிம்புக்குரிய ரப்பர்ப் பட்டையைக் கையில் வாங்கி, இரு விரலால் அமுக்கிப் பார்த்து, மீட்டர் என்ன விலை என்று கேட்டார். சொன்னோம். இருமுறை சொல்ல வேண்டியிருந்தது.