மெடிக்கலுக்குப் போக முன்னம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள பெறாமகளுக்கு,

கனடாவிலிருந்து மெடிக்கல் கடிதம் வந்துவிட்டதாக அக்கா சொன்னா. சந்தோஷமான செய்தி. ஆனால் அந்த நாளிலிருந்து நீ உன் சீனி வருத்தத்தைக் குறைத்துக் காட்டச் சோற்றைக் குறைத்துப் பாகற்காய்ச் சாறு குடிக்கிறாயாம். பள்ளிக்கூட நாளில் உனக்கு வந்த காசநோயைப் பற்றி வாயே திறக்காதே என்று கொட்டாஞ்சேனையில் நீ இருக்கிற வீட்டில் யாரோ சொல்லித் தந்தார்களாம். ஆயுளின் பெரும்பகுதியை அரசாங்க ஆஸ்பத்திரி வார்ட்டுகளில் கழித்த தாதி நான். இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். தாளில் இருந்தால் திரும்பத் திரும்பப் பார்ப்பாய்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். உன் வருத்தங்களால் இந்த விசா நிற்காது. அவற்றை மறைத்தால் நிற்கலாம்.

மெடிக்கல் என்றால் நம் சனம் அதை ஒரு பரீட்சையாகவே நினைக்கிறது. உடம்பில் குறை இருந்தால் பெயில், இல்லாவிட்டால் பாஸ். இந்த எண்ணம் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களிடமிருந்து வந்தது. அங்கே ஆறிப்போன காசநோய்த் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலே 'அன்ஃபிட்' என்று எழுதிவிடுவார்கள். மஞ்சட்காமாலை பி கிருமி இரத்தத்தில் இருந்தாலும் அப்படித்தான். கொட்டாஞ்சேனையிலும் மலைநாட்டிலும் எத்தனையோ பெண்கள் அந்த ஒரு சொல்லோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். கனடாவின் முறை வேறு. அவர்களின் குடிவரவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு மூன்று விஷயத்தைத்தான் பார்க்கச் சொல்கிறது. உன்னால் மற்றவர்களுக்கு நோய் பரவுமா? உன் நிலையால் மற்றவர்களின் பாதுகாப்புக்கு ஆபத்து உண்டா? உன் வைத்தியம் அரசாங்கத்தின் தலையில் அளவுக்கு மிஞ்சிய செலவை ஏற்றுமா? இந்த மூன்றாவது கேள்வியிலிருந்து கணவன் அல்லது மனைவி ஸ்பொன்சர் செய்கிறவர்களுக்கு அதே பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. அகதிகளாக ஏற்கப்பட்டவர்களுக்கும் விலக்கு உண்டு. நீ கணவனின் ஸ்பொன்சரில் போகிறாய். ஆகவே உன் இன்சுலினுக்கு என்ன செலவாகும் என்று அங்கே யாரும் கணக்குப் பார்த்து உன்னைத் தடுக்க முடியாது.

மறைக்கச் சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தப் பழக்கம் எங்களுக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் இருந்த தமிழரைப் பொலிஸ் எழுப்பி, 370க்கும் மேற்பட்டவர்களை பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பியது. கொழும்பில் நிற்கத் தக்க காரணம் இல்லையாம். விசாவுக்காகவும் வைத்தியத்துக்காகவும் வந்து நின்றவர்கள் அவர்களிலே இருந்தார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து உத்தரவு போட்டது. ஆனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல், மிச்சத்தை விழுங்கு என்ற பாடம் எங்களுக்குள் ஊறிப்போயிற்று. சோதனைச் சாவடியில் அது உயிரைக் காத்தது. டொக்டரின் மேசையில் அதே பழக்கம் உன்னைக் கெடுக்கும்.

எப்படி என்று கேள். அதே சட்டத்தின் 40ஆம் பிரிவு பொய்த் தகவலைப் பற்றியது. முக்கியமான உண்மையை மறைத்தது தெரிந்தால் ஐந்து வருடத்துக்குக் கனடாவுக்குள் போகத் தடை. உனக்கு வந்து ஆறிய காசநோய்க்கு எந்தத் தடையும் இல்லை. அதை மறைக்கிற ஒரு 'இல்லை'க்கு ஐந்து வருடம். தழும்பு எக்ஸ்ரேயில் எப்படியும் தெரியும். நீ முதலே சொல்லியிருந்தால் அது பழைய வருத்தம். சொல்லாமல் விட்டால் அது சந்தேகம்.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன்.

உன் சீனி வருத்தம். வகை 1 நீரிழிவு உனக்கு. இன்சுலினை ஒரு நாளும் நிறுத்தாதே, பிள்ளை. நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் ஏறி நீ போய்ச் சேர்கிற இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு. சாப்பிடாமல் இன்சுலின் மட்டும் போட்டால் சீனி இறங்கி வரிசையிலேயே மயங்கி விழுவாய். இரண்டையும் நான் வார்ட்டில் கண்டிருக்கிறேன். பாகற்காய்ச் சாறால் ஆவது ஒன்றுமில்லை. எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். இரண்டு கிழமைப் பட்டினி அதை ஏமாற்றாது. டொக்டர் பார்க்க விரும்புவது, வருத்தம் கவனிப்பில் இருக்கிறதா என்பதைத்தான்.

அதைக் காட்ட உன் கிளினிக் கொப்பி மட்டும் போதாது. அரசாங்கக் கிளினிக்குகளில் டொக்டர்மார் அவசரத்தில் எழுதும் கையெழுத்தை வெளியார் வாசிப்பது கஷ்டம். உன்னை வழமையாகப் பார்க்கும் நிபுணரிடம் கிளினிக்கிலோ சனல் பண்ணியோ ஒரு கடிதம் வாங்கு. தட்டச்சில், கையெழுத்தும் முத்திரையும் திகதியுமாக இருக்கட்டும். அதில் இவை வர வேண்டும்: என்ன வருத்தம், எந்த ஆண்டிலிருந்து, எந்த இன்சுலின் எத்தனை யூனிற், கடைசி எச்பிஏ1சி எவ்வளவு, சிறுநீரகம், கண், கால் எப்படி இருக்கின்றன, ஆஸ்பத்திரியில் மறித்தது உண்டா, அடுத்து எப்போது பார்க்க வேண்டும். மருந்தின் கம்பனிப் பெயரோடு மூலப்பெயரையும் எழுதித் தரச் சொல். இங்கே ஒரு குளிசைக்கு இருக்கும் கம்பனிப் பெயர் அங்கே இருக்காது.

உன்னோடு அறையில் இருக்கிற பிள்ளையின் தகப்பனாரும் மெடிக்கலுக்குப் போகிறார் என்றாய். அவர் சீனிக்கு எம்பாகிளிஃப்லோசின் அல்லது டபாகிளிஃப்லோசின் எடுக்கிறாரா என்று கேள். அந்தக் குளிசைகள் சீனியைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. இரத்தத்தில் சீனி நல்ல நிலையில் இருந்தாலும் சிறுநீரில் தெரியும். மருந்துப் பட்டியலைக் காட்டினால் டொக்டருக்கு விளங்கும். காட்டாவிட்டால் தேவையில்லாமல் அலைய வேண்டி வரும்.

அடுத்தது காசநோய். காலத்தை விழுங்கக்கூடியது இதுதான். நீ ஆறு மாத மருந்தை ஒரு நாளும் தவறாமல் முடித்தவள். அந்தச் சிகிச்சை அட்டையும் முடித்ததற்கான கடிதமும் வேண்டும். வீட்டில் இல்லாவிட்டால் உனக்கு மருந்து தந்த மார்புநோய்க் கிளினிக்குக்கு அம்மாவை அனுப்பிப் பதிவேட்டில் தேடச் சொல். பழைய எக்ஸ்ரே படம் அகப்பட்டால் தங்கம் போல எடுத்து வை. அன்றைய தழும்பும் இன்றைய தழும்பும் ஒன்றுபோல இருந்தால் டொக்டருக்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. அப்படியிருந்தும் சளிப் பரிசோதனை கேட்கலாம். மூன்று காலைகளில் சளி கொடுக்க வேண்டும். கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையின் முடிவு வர எட்டுக் கிழமை வரை எடுக்கும். அந்தக் காலத்தில் பயப்படாதே, விமான ரிக்கெற்றும் போடாதே. அங்கே போனபின் பொதுச் சுகாதாரப் பகுதியோடு 30 நாளுக்குள் தொடர்புகொள் என்று ஒரு தாள் தந்தாலும் தரலாம். அது தண்டனையில்லை, கவனிப்பு. கிருமி உயிரோடு இருப்பது தெரிந்தாலும் கதவு மூடாது. மருந்தை முடித்துவிட்டு வா என்பார்கள், இலங்கையில் அந்த மருந்து இலவசம். லண்டனுக்குப் படிக்கப் போகிற உன் சிநேகிதிக்கும் சொல். ஆறு மாதத்துக்கு மேல் நிற்கப் போனால் இங்கிலாந்தும் காசநோய்ச் சான்றிதழ் கேட்கும்.

இன்னொன்று. வன்னியிலிருந்து வருகிற எங்கள் பிள்ளைகள் பலரின் உடம்பில் 2009 போரின் செல் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. நெஞ்சு எக்ஸ்ரேயில் உலோகம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். உன் மச்சான் இதற்காகவே மெடிக்கலைத் தள்ளிக்கொண்டு திரிகிறான் என்று கேள்விப்பட்டேன். படம் எடுக்கிறவரிடம் முதலே சொல்லச் சொல். எந்த ஆண்டு, உடம்பில் எந்த இடம், எந்த ஆஸ்பத்திரியில் மருந்து கட்டியது. அவ்வளவு போதும். ஆஸ்பத்திரித் துண்டு இருந்தால் கொண்டுபோகட்டும். ஆறிய காயம் யாருக்கும் தொற்றாது. காயப்பட்டதற்காக அவன் வெட்கப்படத் தேவையில்லை.

இனி மெடிக்கல் நாள். கடிதம் கிடைத்து 30 நாளுக்குள் மெடிக்கல் செய்ய வேண்டும், ஆகவே இன்றைக்கே நேரம் எடு. கனடா நியமித்த மருத்துவர்களிடம்தான் போகலாம், குடும்ப டொக்டரிடம் முடியாது. கொழும்பில் ஐ.ஓ.எம் எனப்படும் புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பின் நிலையம் இந்தப் பரிசோதனைகளைச் செய்கிறது. மாதவிலக்கு நாளைத் தவிர்த்துத் திகதி எடு. சிறுநீரில் இரத்தம் கலந்தால் மறுபடி வரச் சொல்வார்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரேக்கு முன்னம் சொல்லிவிடு. பாஸ்போர்ட், கனடாக் கடிதம், கண்ணாடி, மருந்துப் பட்டியல், ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். காலையில் வழமைபோலச் சாப்பிடு, இன்சுலின் போடு, தண்ணீர் குடி. கையில் குளுக்கோஸ் வைத்துக்கொள். கொட்டாஞ்சேனையிலிருந்து நெரிசலில் ஓடி வந்து மூச்சு வாங்க வாங்கப் பிறஷர் பார்க்கக் கையை நீட்டாதே. வேளைக்கே வந்து ஆறுதலாக இரு.

உள்ளே உயரம், நிறை, கண், காது, நெஞ்சு, வயிறு பார்ப்பார்கள். சிறுநீரும் இரத்தமும் எடுப்பார்கள். இரத்தத்தில் எச்ஐவி, சிபிலிஸ், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றைப் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பார்ப்பார்கள், உன்னைச் சந்தேகப்பட்டு அல்ல. உடை தளர்த்தும்போது கூட ஒரு பெண் நிற்க வேண்டும் என்று கேட்க உனக்கு உரிமை உண்டு. கூச்சப்படாமல் கேள். முடிந்ததும் 'பாஸா டொக்டர்?' என்று கேட்டு மனம் குழம்பாதே. அவர் தீர்ப்புச் சொல்கிறவர் இல்லை. கண்டதை எழுதி அனுப்புவார், முடிவு எடுப்பது கனடாவின் அதிகாரிகள். பிரதி வேண்டுமானால் அப்போதே கேட்டு வாங்கு. மெடிக்கல் செய்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்கு அது செல்லுபடியாகும். மெடிக்கலைச் சரிக்கட்டித் தருகிறோம் என்று காசு கேட்கிற ஏஜன்சிக்காரன் எவனாக இருந்தாலும் அவன் பக்கமே தலைவைத்துப் படுக்காதே.

ஒரு நாள் நீ அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிடுவாய். பெற்றோருக்கு அந்தச் செலவு விலக்கு இல்லை. அதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள். 2018இல் கனடா அந்தச் செலவுக்கான எல்லையை மூன்று மடங்காக உயர்த்தியது. 2025இல் அது ஆண்டுக்கு 27,162 டொலர். பிறஷருக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் குளிசை போடுகிற அம்மா அதன் கிட்டவும் வரமாட்டா. சிறுநீரகம் பழுதாகி இரத்தம் சுத்திகரிக்கும் நிலைக்குப் போனால் கதை வேறு. ஆகவே அவவின் சிறுநீரகத்தை இன்றிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லையைத் தாண்டும் என்று நினைத்தாலும் உடனே நிராகரிக்க மாட்டார்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், பதில் சொல்ல 90 நாள் தருவார்கள். ஹிலெவிட்ஸ் என்பவரின் வழக்கில் 2005இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: வருத்தத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்கக்கூடாது, அந்த மனிதரின் உண்மையான தேவையைப் பார்க்க வேண்டும். அவுஸ்திரேலியாவிலும் இப்படி ஒரு செலவு எல்லை உண்டு. 2024 ஜூலையில் அதை 86,000 டொலராக உயர்த்தினார்கள். சட்டங்கள் மெல்ல மெல்ல மனிதர் பக்கம் சாய்ந்து வருகின்றன. அந்தச் சாய்வு உண்மையைச் சொல்கிறவர்களுக்குத்தான் உதவும்.

விசா கிடைத்தபின் இரண்டு காரியம் செய். இன்சுலினைக் கைப்பையில் கொண்டுபோ. விமானத்தின் அடியில் போகிற பெட்டியில் வைத்தால் உறைந்து பழுதாகலாம். கனடாவில் இறங்கியதும் சுகாதார அட்டைக்குப் பதிந்து, ஒரு குடும்ப டொக்டரைத் தேடு. விசா வரை கவனித்துவிட்டுப் பிறகு கைவிடுகிறவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். புது ஊர், குளிர், இரவு வேலை எல்லாம் சேர்ந்து சீனியை ஏற்றிவிடும். இந்த மெடிக்கலுக்காகச் சேர்க்கிற ஃபைல் இருக்கிறதே, அதை அங்கேயும் தொடர்ந்து எழுது. கேட்கிறவர்களுக்காக இல்லை, உனக்காக.

திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போகிறாய் அல்லவா? நிபுணரின் அந்தக் கடிதத்தை அன்றைக்கே கேட்டுவிடு. இன்றைக்கு இரவு வயிறாரச் சோறு சாப்பிடு.

அன்புடன்,
உன் சின்னம்மா