எந்த விறகில் சூடு அதிகம்?

நம்பிக்கை: கருவேல விறகில்தான் சூடு, முருங்கை விறகில் ஒன்றுமில்லை.

உண்மை: நன்றாகக் காய்ந்திருந்தால், எடைக்கு எடை பெரிய வித்தியாசம் கிடையாது. இதை அளந்து சொல்வது பாம் கலோரிமீட்டர். உலர்ந்த மரத்தூளை வில்லையாக அழுத்தி, ஏறக்குறைய 1 கிராம் எடுத்துக் கனத்த எஃகுக் கலத்துக்குள் வைப்பார்கள். சுமார் 30 வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன் நிரப்பி, கலத்தை 2 லிட்டர் தண்ணீரில் இறக்கி, மெல்லிய கம்பியில் மின்சாரம் பாய்ச்சினால் வில்லை மிச்சமின்றி எரிந்துவிடும். தண்ணீரின் வெப்பநிலை ஏறுவது ஏறக்குறைய 2 டிகிரிதான். ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கூடத் தவறவிடாத வெப்பமானி அதற்கு வேண்டும். கிராமுக்கு 26.4 கிலோஜூல் தரும் பென்சாயிக் அமிலத்தை முன்கூட்டியே எரித்துக் கருவியைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

இப்படி அளந்தால் பெரும்பாலான உலர்ந்த மரங்கள் கிலோவுக்கு 18 முதல் 20 மெகாஜூலுக்குள் அடங்கிவிடுகின்றன. அப்படியானால் அடுப்படியில் கண்டது பொய்யா? பொய்யில்லை. கருவேலம் கனமான மரம். ஒரே அளவுக் கட்டையில் எடை அதிகம், நின்று எரியும், தணல் தங்கும். முருங்கை லேசு, மளமளவென்று எரிந்து தீர்ந்துவிடும்.

உண்மையான எதிரி ஈரம். பாதிக்குப் பாதி தண்ணீர் உள்ள பச்சை விறகில் கிலோவுக்கு 8 மெகாஜூல் அளவே கையில் நிற்கும். அந்த விறகை எடை போட்டு விற்பது, வாங்குகிறவரின் காசையும் ஊதி ஊதிச் சமைப்பவரின் கண்ணையும் நெஞ்சையும் சேர்த்தே கெடுக்கிறது. வெட்டிய விறகைப் பிளந்து, மழை படாமல் காயவிடுவதைவிட நல்ல சிக்கனம் வேறில்லை.

நம்பிக்கை: பெட்ரோலைவிட டீசலில் சூடு அதிகம்.

உண்மை: லிட்டருக்கு என்றால் சரி. டீசல் அடர்த்தி கூடியது என்பதே காரணம். கிலோவுக்கு என்றால் இரண்டும் ஏறக்குறைய சமம்.

நம்பிக்கை: கலோரிமீட்டர் காட்டும் வெப்பம் முழுவதும் அடுப்பில் கிடைக்கும்.

உண்மை: மூடிய கலத்தில், எரியும்போது உண்டாகும் நீராவி மறுபடி தண்ணீராகி, தன் வெப்பத்தைத் திருப்பித் தந்துவிடுகிறது. அடுப்பில் அந்த ஆவி புகையோடு போய்விடும். அதனால்தான் மீத்தேனுக்குக் கிலோவுக்கு 55.5 என்று மொத்த மதிப்பும் 50 மெகாஜூல் என்று நிகர மதிப்பும் தனித்தனியே உண்டு. ஐரோப்பிய வீடுகளில், புகையிலுள்ள ஆவியைக் குளிர்வித்து வெப்பத்தை மீட்கும் எரிவாயு பாய்லர்களுக்கு 100 சதவீதத்துக்கும் மேல் திறன் என்று விளம்பரம் செய்கிறார்கள். நிகர மதிப்பை வைத்துக் கணக்கிடுவதால் வரும் எண் அது. மொத்த மதிப்பால் வகுத்தால் நூறைத் தாண்டாது.