சுவரில் ஏறும் பாரம்

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இத்தகைய தோட்டங்களில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் பல லயன் வீடுகளில் வாழ்ந்தன. சிறிய வீட்டில் தரை போதாது. சாமி மேடை, பாத்திரத் தட்டு, புத்தக அலமாரி எல்லாம் சுவரில்தான் ஏறும். அவற்றின் கீழேயே பிள்ளைகள் பாய் விரித்துப் படுப்பார்கள். ஆகவே, பாரத்தைச் சுவரில் மாட்டுவது உயிர்ப் பாதுகாப்போடு தொடர்புடையது.

இதற்குத் தச்சர்கள் ‘பிரெஞ்சு கிளீட்’ என்னும் முறையைக் கையாளுகின்றனர். நாம் அதைச் சாய்வுச் சட்டம் எனலாம். 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒட்டுப்பலகையை நீளவாக்கில் 45 பாகைச் சாய்வில் அறுத்து இரண்டாக்க வேண்டும். ஒரு பாதியைச் சாய்ந்த விளிம்பு மேலே வருமாறு சுவரில் பொருத்த வேண்டும். அதன் கூர்முனை சுவரை விட்டு விலகி நிற்கும். மறுபாதியைத் தலைகீழாக அலமாரியின் முதுகில் பொருத்த வேண்டும். அலமாரியைத் தூக்கி மேலிருந்து இறக்கினால் இரண்டும் கௌவிக்கொள்ளும். அலமாரியின் எடையே அதைச் சுவரோடு இழுத்து அணைக்கும். அடிப்பகுதியிலும் அதே தடிமனில் ஒரு பலகைத் துண்டு வேண்டும். இல்லையேல் அலமாரி சாய்ந்து நிற்கும்.

அறுப்பதைவிடத் திட்டமிடுவதே முக்கியம். 40 கிலோகிராம் எடையும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள அலமாரியின் எடை, சுவரிலிருந்து ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் தள்ளி மையங்கொள்ளும். சட்டத்திலிருந்து அலமாரியின் அடிவரை 60 சென்டிமீட்டர் என்றால், திருகாணிகளை வெளியே இழுக்கும் விசை 40 × 15 ÷ 60, அதாவது 10 கிலோகிராம் எடைக்குச் சமம். அந்த உயரம் 30 சென்டிமீட்டர் மட்டுமே என்றால், விசை இருமடங்காகும். உயரமான அலமாரிதான் ஆபத்து என்று பலர் எண்ணுகின்றனர். எடையும் ஆழமும் ஒன்றாக இருந்தால், குட்டையானதே திருகாணியை அதிகம் சோதிக்கும்!

அந்த இழுவையை மெல்லிய சுவர்ப்பலகை தாங்காது. பின்னால் உள்ள மரச்சட்டமே தாங்கும். பலகைச் சுவரில் ஆணித்தலைகள் வரிசையாகத் தெரியும் இடத்தில் அச்சட்டம் இருக்கும். அங்கேயே திருகாணியை முடுக்க வேண்டும். வழவழப்பான ஆணி மெல்ல உருவி வந்துவிடும். திருகாணியின் புரிகளோ மரத்தைப் பற்றிக்கொள்ளும். கேமரன் மலையின் ஈரத்திற்குத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியே ஏற்றது. சட்டம் கிடைமட்டமாக உள்ளதா என்பதை ரசமட்டம் காட்டிவிடும்.

மாட்டியதும் பொருள்களை அடுக்கிவிடக்கூடாது. அதே எடையுள்ள அரிசி மூட்டைகளை வைத்து ஓர் இரவு விட்டுவிடலாம். அன்று அதன் கீழே யாரும் படுக்கக்கூடாது. மறுநாள் காலையில், சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு தாளை நுழைத்துப் பார்க்க வேண்டும். தாள் நுழைந்தால், பாரத்தை இறக்கிவிட்டு மரச்சட்டத்தை மீண்டும் தேட வேண்டும்.