கடலடியில் நீர்மூழ்கிக் கப்பல்கள்: தொல்பொருட் களமும் போர்க் கல்லறையும்

போரில் மூழ்கிய நீர்மூழ்கிக் கப்பல் மூடிய இரும்புக் கூடு போன்றது. பெரும்பாலும் உள்ளிருந்தோர் அதனுள்ளேயே மாண்டுபோவர். ஆகவே தொல்பொருளியலாளருக்கு ஆய்வுக்களமாகும் இடமே, இறந்தோரின் உறவினருக்குக் கல்லறையாகவும் உள்ளது. அதனை மேலே எடுப்பதா, அப்படியே விடுவதா என்பதே பிரச்சினை.

ஐக்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 பெப்ரவரி 17 இரவு, தென்மாநிலங்களின் 'ஹன்லி' சார்ள்ஸ்ரன் துறைமுகத்துக்கு வெளியே நின்ற 'ஹவுசற்றோனிக்' கப்பலை மூழ்கடித்தது. எதிரிப் போர்க்கப்பலை மூழ்கடித்த முதல் நீர்மூழ்கி இதுவே. ஏறத்தாழ 12 மீற்றர் நீளமான இதில் எழுவர் கையால் சுழற்றியே உந்துவிசை அளித்தனர், எட்டாமவர் தளபதி. தாக்குதலின் பின் அது திரும்பவில்லை.

1995 இல் கண்டுபிடிக்கப்பட்ட ஹன்லி 2000 ஓகஸ்ட் 8 இல் மேலே எடுக்கப்பட்டது. உள்ளே நிரம்பியிருந்த சேறு எலும்புகளைப் பாதுகாத்திருந்தது. சேற்றைச் சிறிது சிறிதாக அகற்றியபோது, எண்மரின் எச்சங்களும் பெரும்பாலும் அவரவர் பணியிடத்திலேயே காணப்பட்டன. வெளியேறும் வாயிலை நோக்கி அவர்கள் முண்டியடித்ததற்கான அடையாளம் இல்லை. கப்பல் மூழ்கிய காரணம் இன்றும் விவாதத்துக்குரியது. எனினும் அவ்விவாதத்துக்கு இதுவே முக்கிய சான்று. எலும்புகள் இடம் மாறியிருந்தால் இச்சான்றும் அழிந்திருக்கும். தளபதி டிக்சனின், துப்பாக்கிக் குண்டுபட்டு வளைந்த தங்க நாணயமும் அங்கேயே கிடைத்தது. எண்மரும் 2004 ஏப்ரல் 17 இல் சார்ள்ஸ்ரனில் அடக்கம் செய்யப்பட்டனர்.

அவுஸ்திரேலியாவின் 'ஏஈ1' இதற்கு மாறானது. (1914 ஐ 1864 உடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்!) 1914 செப்ரெம்பர் 14 இல், இன்றைய பப்புவா நியூகினியின் டியூக் ஒஃப் யோர்க் தீவுகளுக்கு அருகே 35 பேருடன் மறைந்த இது, 2017 டிசெம்பரில் 300 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆளில்லாக் கருவியால் படம்பிடித்தனர், கப்பலை எடுக்கவில்லை.

உள்ள இடத்திலேயே பேணுவதை முதல் தெரிவாகக் கொள்ளுமாறும் மனித எச்சங்களுக்கு மதிப்பளிக்குமாறும் யுனெஸ்கோவின் 2001 ஆம் ஆண்டுச் சமவாயம் கூறுகிறது. இது 2009 இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் நூறு ஆண்டுகளாவது நீருக்கடியில் இருந்தவற்றுக்கே இது பொருந்தும். இரண்டாம் உலகப் போர்க் கப்பல்கள் இதனுள் அடங்கா. 1941 டிசெம்பரில் மலாயாக் கடலில் மூழ்கிய நெதர்லாந்தின் 'ஓ 16', 'கே 17' ஆகியவற்றை இரும்புக்காகத் திருடர்கள் பெயர்த்தெடுத்துவிட்டனர். அவற்றில் மாண்டோர் எழுபதுக்கும் அதிகம்.

பயிற்சி வினா: ஹன்லியை எடுத்ததும் ஏஈ1 ஐ விட்டதும் ஆகிய இரு முடிவுகளுள் நீர் ஆதரிப்பது எது? மேற்கூறிய சான்றுகளுடன் காரணம் தருக.